அணைத்து வைத்த விளக்கு

பண்ருட்டியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று இரவில் தென்மேற்கே நோக்கினால், அடிவானத்தில் ஒரு வெளிச்சம் படர்ந்திருப்பதைக் காணலாம். நெய்வேலியின் வெளிச்சம் அது. நிலக்கரி எரித்து மின்சாரம் எடுக்கும் அந்த நகரம் இரவு முழுவதும் உறங்குவதில்லை. 1962ஆம் ஆண்டில் அங்கே மின் உற்பத்தி தொடங்கிய பிறகு, பலாத் தோப்புகளும் முந்திரிக் காடுகளும் சூழ்ந்த எங்கள் பகுதி மக்களுக்கு அந்த ஒளி வானத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. எவரும் அதை வியந்து பார்ப்பதில்லை.

வியந்து பார்த்தவர் ஒருவர் இருந்தார். அவர் என் உம்மாவைப் பெற்ற பாட்டியார். பரங்கிப்பேட்டையில் பிறந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை அங்கேயே கழித்துவிட்டு, இறுதிக் காலத்தில் எங்களோடு வந்து தங்கியவர். வந்த முதல் வாரத்தில் ஓர் இரவு மாடியில் அமர்ந்திருந்தவர், அந்த வெளிச்சத்தைச் சுட்டிக்காட்டி, “தம்பி, அது எந்தத் துறைமுகத்து விளக்கு?” என்று கேட்டார். அந்தத் திசையில் கடல் இல்லை என்றும் அது நெய்வேலி என்றும் நான் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அணைக்காமல் வைத்திருக்கிறார்களே, நல்லது” என்றார்.

அந்தச் சொல்லின் பொருள் எனக்கு அன்று விளங்கவில்லை. அது விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. விளங்கியதை எழுதிவைக்க வேண்டும் என்ற கடமை உணர்வே இக்கட்டுரைக்குக் காரணம்.

பரங்கிப்பேட்டை வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் அமைந்த சிற்றூர். மஹ்மூத் பந்தர் என்பது அதன் இன்னொரு பெயர். போர்த்துக்கீசியர் புதிய துறைமுகம் என்னும் பொருளில் போர்ட்டோ நோவோ என்று அழைத்தனர். அவர்களுக்குப் பின் டச்சுக்காரரும் டேனியரும் ஆங்கிலேயரும் அங்கே பண்டகசாலை வைத்து வாணிகம் செய்தனர். அவ்வூரின் பெயர் தாங்கிய பொன் வராகன் தென்னாட்டின் சந்தைகளில் புழங்கிற்று. மரைக்காயர்களின் கப்பல்கள் அங்கிருந்து துணி ஏற்றிக்கொண்டு அச்சைக்கும் கெடாவுக்கும் பினாங்குக்கும் சென்றன. பினாங்கில் 1801ஆம் ஆண்டில் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கு அடித்தளமிட்ட காதர் முஹைதீன் மரைக்காயர், பரங்கிப்பேட்டையிலிருந்து சென்றவர் என்றே சொல்லப்படுகிறது.

இத்தகைய ஊரில் என் தாய்வழி வேர் இருக்கிறது என்பதில் எனக்கு இளமையில் பெரும் பெருமிதம் இருந்தது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த 1979ஆம் ஆண்டில் ஒரு கட்டுரைப் போட்டி நடந்தது. ‘எங்கள் ஊரும் போரும்’ என்பது தலைப்பு. நான் பண்ருட்டியை விட்டுவிட்டு உம்மாவின் ஊரை எடுத்துக்கொண்டேன். ஏனெனில், பரங்கிப்பேட்டையின் பெயர் வரலாற்று நூல்களில் இடம்பெற்றிருக்கிறது. அதற்குக் காரணம் 1781ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் அங்கே நடந்த போர்.

அந்தப் போரின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1780 ஜூலையில் மைசூர் ஹைதர் அலி பெரும்படையோடு கணவாய்களைக் கடந்து கர்நாடகச் சமவெளியில் இறங்கினார். செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. வங்காளத்திலிருந்து சர் அயர் கூட் சென்னைக்கு அனுப்பப்பட்டார். மறு ஆண்டின் முற்பகுதியில் அவர் கடலூருக்கு வந்து பல மாதம் முடங்கிக் கிடந்தார். சுற்றுப்புறக் கிராமங்கள் எல்லாம் ஹைதரின் குதிரைப்படையின் பிடியில் இருந்தன. நிலத்தின் வழியே ஒரு மூட்டை அரிசி வருவதற்கும் வழியில்லை. கடல்வழி வந்த அரிசியே அப்படையின் உயிரைப் பிடித்து வைத்தது. ஜூன் 18ஆம் நாள் சிதம்பரம் கோயில் அரணைத் தாக்கித் தோற்றுத் திரும்பிய கூட், பரங்கிப்பேட்டைக் கரையில் பாளையம் இறங்கினார். கடலூர்ச் சாலையை ஹைதர் அரண் அமைத்து மறித்தார். ஜூலை முதல் நாள் காலையில், எண்ணாயிரத்துச் சொச்சம் வீரர்களோடு கூட் புறப்பட்டார். எதிரே நாற்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர். நேரே மோதாமல், கடலோர மணல்மேடுகளின் மறைவில் பக்கவாட்டாக நகர்ந்து சென்று அவர் தாக்கினார். கடலில் நின்ற கப்பலும் பீரங்கி முழக்கி உதவிற்று. பிற்பகலில் ஹைதர் பின்வாங்கினார். அவருடைய உறவினரும் தளபதியுமான மீர் அலி ரஸாகான் அந்தப் போரில் உயிரிழந்தார்.

நிலத்தில் ஆங்கிலேயரின் வளங்களைத் தம்மால் பாழாக்க முடியும், ஆனால் கடலை வற்றச் செய்ய முடியாதே என்று ஹைதர் பிற்காலத்தில் மனம் நொந்து கூறியதாக வரலாற்றாசிரியர் வில்க்ஸ் எழுதிவைத்திருக்கிறார். என் கட்டுரையை அந்தக் கருத்தோடுதான் முடித்தேன். பரிசு கிடைத்தது. வரைபடமும் வரைந்திருந்தேன். கூட்டின் அணிவகுப்புக்குச் சிவப்பு மை, ஹைதரின் அணிவகுப்புக்குப் பச்சை மை.

விடுமுறையில் பரங்கிப்பேட்டைக்குச் சென்று, கட்டுரையைப் பாட்டியாருக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். அவர் தொழுகைப் பாயில் அமர்ந்து, தஸ்பீஹை மடியில் வைத்துக்கொண்டு, பொறுமையோடு கேட்டார். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அந்த நேரத்தில் நம் ஊர் மக்கள் எங்கே போயிருந்தார்கள்?”

என்னிடம் விடை இல்லை. என் வரைபடத்தில் மணல்மேடு இருந்தது, ஆறு இருந்தது, பீரங்கி இருந்தது. ஒரு வீடு கூட இல்லை. இன்னும் ஒன்றையும் நான் அந்தக் கட்டுரையில் மறைத்திருந்தேன். 1780இல் போர் தொடங்கிய நாள்களிலேயே பரங்கிப்பேட்டைக்குள் புகுந்து அதன் வணிகர்களைக் கொள்ளையிட்டது ஹைதரின் மகன் கரீம் தலைமையில் வந்த குதிரைப்படைதான். கொள்ளை கொடுத்தவர்களில் மரைக்காயர்களும் இருந்திருப்பார்கள். ஹைதரை வீரராக வரைய விரும்பிய எனக்கு அந்தச் செய்தி இடையூறாக இருந்ததால் அதை விட்டுவிட்டேன். பாட்டியாருக்கு அந்தச் செய்தி தெரியாது. ஆனால், விடுபட்டது எது என்பதை அவருடைய கேள்வி சரியாகத் தொட்டுவிட்டது.

பிறகு அவர், “நாற்பத்திரண்டாம் வருடத்துச் சண்டையை எழுதவில்லையா?” என்றார்.

“அப்போது இங்கே சண்டை ஏதும் நடக்கவில்லையே, பாட்டிமா! ஒரு குண்டு கூட விழவில்லை” என்றேன், வரலாறு கற்ற மிடுக்கோடு.

அவர் மறுமொழி கூறவில்லை. தஸ்பீஹை எடுத்து உருட்டத் தொடங்கினார். அந்த மௌனத்தை நான் ஒப்புதல் என்று எண்ணிக்கொண்டேன். என் வாழ்வில் நான் செய்த பிழைகளுள் அதையும் ஒன்றாக இன்று எண்ணுகிறேன்.

விவரத்தை அவர் எனக்குச் சொல்லவில்லை. 1989ஆம் ஆண்டில் அவர் மறைந்த பிறகு உம்மாதான் சொன்னார்கள். சிறிது சிறிதாக, பல நாள்களில், நான் கேட்டுக் கேட்டு வாங்கியவற்றை வரிசைப்படுத்தித் தருகிறேன்.

பாட்டியாரின் வீடு ஆற்றுமுகத்தை நோக்கிய பழைய மாடி வீடு. மாடியின் கீழைச் சன்னலில் ஓர் அரிக்கேன் விளக்கு தொங்கும். மஃரிபு நேரத்தில் அதை ஏற்றுவது அந்த வீட்டுப் பெண்களின் வழக்கம். துறைமுகத்து விளக்கு கப்பல்களுக்கு. இந்த விளக்கு வீட்டுக்கு உரியவருக்கு. கடல்கடந்து போன ஆண்கள் திரும்பி வரும்போது கரையிலிருந்தே தம் வீட்டை அடையாளம் காணட்டும் என்று எந்தத் தலைமுறையிலோ எவரோ தொடங்கியது. நாகப்பட்டினத்தில் கப்பலிலிருந்து இறங்கி ரயிலில் வந்து சேரும் காலம் வந்த பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை.

பாட்டியாரின் தகப்பனார் விளக்கைப் பற்றி இன்னொரு கதை சொல்வாராம். அது எம்டன் கதை. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைக்கு எதிரே வந்து நின்று, நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளை வீசி, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுச் சென்றது. அன்றைய சென்னைக் கலங்கரை விளக்கம் உயர்நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியில் இருந்தது. போர் தொடங்கி இரு மாதம் ஆகவிருந்தும் அது அணைக்கப்படவில்லை. அமைதிக் காலத்தில் எரிவது போலவே எரிந்து, இருட்டில் வந்த பகைவனுக்கும் நிற்க வேண்டிய இடத்தைக் காட்டிக்கொடுத்தது. நவம்பர் 9ஆம் நாள் கோக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனை வீழ்த்திய பிறகும் அதன் பெயர் தமிழில் தங்கிவிட்டது. எமகாதகனை இன்றும் நாம் எம்டன் என்கிறோம். அந்த வாரத்தில் பரங்கிப்பேட்டையில் பலர் பெண்டு பிள்ளைகளை மாட்டுவண்டியில் ஏற்றிச் சிதம்பரத்துப் பக்கம் அனுப்பினார்களாம். “விளக்கு யார் எவர் என்று பார்ப்பதில்லை. வருகிற எல்லாருக்கும் காட்டும்” என்று சொல்லிக் கதையை முடிப்பாராம் அந்தப் பெரியவர்.

பாட்டியாரின் கணவர், என் பாட்டனார், பினாங்கில் ஒரு துணிக்கடையில் கணக்குப்பிள்ளை. 1940இல் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியபோது உம்மா கைக்குழந்தை. மாதம் தவறாமல் கடிதமும், இரு மாதத்திற்கு ஒருமுறை பணமும் வந்துகொண்டிருந்தன. கடைசிக் கடிதம் 1941 நவம்பரில் எழுதப்பட்டது. அடுத்த மாதமே போர் வந்துவிட்டது. டிசம்பர் 11ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் பினாங்கின் மீது குண்டு வீசின. 19ஆம் நாள் தீவு ஜப்பானியர் வசமாயிற்று. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் ரங்கூனும் அந்தமானும் வீழ்ந்தன. வங்கக் கடல் ஒரே திங்களில் அந்நியக் கடலாயிற்று. ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பிலும், 6ஆம் நாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், 9ஆம் நாள் திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. சரக்குக் கப்பல்கள் பல நடுக்கடலில் மூழ்கடிக்கப்பட்டன. சென்னை நகரமே பாதி காலியாயிற்று.

அந்த ஏப்ரலில் ஒருநாள் மாலை கிராம அதிகாரி வீட்டு வாசலில் வந்து நின்றார். கடலை நோக்கிய பக்கம் எந்த வெளிச்சமும் தெரியக்கூடாது என்பது ஆணை. துறைமுக விளக்கையே அணைத்துவிட்டார்கள், அம்மா, உங்கள் விளக்கு எம்மாத்திரம் என்று மரியாதையோடுதான் சொன்னாராம். பாட்டியாருக்கு அப்போது வயது இருபத்திரண்டு. அவர் வாதாடவில்லை. அரிக்கேனைக் கழற்றி, திரியை இறக்கி, பரண்மேல் வைத்துவிட்டார். சன்னலில் கறுப்புத் துணி தொங்கிற்று. பர்மா போனபின் மண்ணெண்ணெயும் கிடைப்பதரிதாயிற்று. பர்மா அரிசியும் நின்றது. கடற்கரையில் புதிய முகம் தென்பட்டால் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள். அதற்கும் காரணம் இருந்தது. பினாங்கில் பயிற்சி பெற்ற இந்திய இளைஞர்கள் சிலர் 1942 செப்டம்பரில் நீர்மூழ்கிக் கப்பலில் வந்து மலபார்க் கரையில் இறங்கிப் பிடிபட்டனர். அவர்களுள் ஒருவரான வக்கம் அப்துல் காதர் மறு ஆண்டு சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். பினாங்கிலிருந்து வருபவரைக் காண ஏங்கிய ஒரு வீட்டில், பினாங்கிலிருந்து எவரேனும் வந்தால் காட்டிக்கொடுக்க வேண்டும் என்ற ஆணை எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் ஒன்று சென்னைக்கு வந்து குண்டு போட்டுச் சென்றபோது, தளர்ந்திருந்த கட்டுப்பாடு மீண்டும் இறுகிற்று. பரணில் இருந்த அரிக்கேன் பரணிலேயே இருந்தது.

ஆண்டுகள் நகர்ந்தன. ஊரில் வேறொரு பேச்சு எழுந்தது. கணவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத பெண்ணின் நிலை என்ன? காணாமற்போனவரை மஃப்கூத் என்பர். அவர் மனைவி எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவருடைய வயதொத்தவர்கள் எல்லாம் இறக்கும் காலம் வரை காத்திருக்க வேண்டும் என்றனர் சிலர். நான்கு ஆண்டு என்பது மாலிக்கீ மத்ஹபின் கருத்து. அதைத் தழுவித்தான் 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம், கணவன் இருக்குமிடம் நான்கு ஆண்டு தெரியாதிருந்தால் மனைவி நீதிமன்றத்தை நாடலாம் என்று வழிசெய்தது. தீர்ப்புக்குப் பின்னும் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். அதற்குள் கணவன் திரும்பி வந்து குடும்பம் நடத்த ஆயத்தமாக இருந்தால் தீர்ப்பு ரத்தாகும்.

பாட்டியாரின் தகப்பனார் கணக்குப் போட்டார். 1941 டிசம்பரிலிருந்து நான்கு ஆண்டு என்றால் 1945 டிசம்பர். மகளுக்கு வயது இருபத்தைந்துதான். தமக்கோ முதுமை. தாம் கண்மூடினால் மகளுக்கும் பேத்திக்கும் துணை யார்? தூரத்து உறவில் நல்ல மனிதர் ஒருவர் மணம் செய்ய முன்வந்திருந்தார். பெரியவர் சொன்னதில் தவறில்லை. மார்க்கம் இடம் கொடுக்கிறது. சட்டமும் இடம் கொடுக்கிறது. அதே வீட்டில் பாட்டனாரின் தாயாரும் இருந்தார். என் மகன் உயிரோடிருக்கும்போது அவனைக் கொன்றுவிடாதீர்கள் என்று அவர் அழுதார். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இருவருக்கும் இடையில் நின்றவர் பாட்டியார்.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. சன்னலின் கறுப்புத் துணி அதற்கு முன்பே போய்விட்டிருந்தது. ஆயினும் பாட்டியார் அரிக்கேனை இறக்கவில்லை. ஏற்றினால் ஒரு முடிவு சொன்னதாகும், ஏற்றாவிட்டாலும் ஒரு முடிவு சொன்னதாகும் என்ற தயக்கமாக இருக்கலாம். தகப்பனாரிடம், “இன்னும் ஒரு கப்பல் வரட்டும்” என்று மட்டும் சொன்னாராம். டிசம்பர் போயிற்று. வக்கீலைப் பார்க்க நாள் குறித்தார்கள்.

1946 பிப்ரவரியில் கடிதம் வந்தது. பினாங்குத் துணிக்கடைக்காரர் எழுதியிருந்தார். பாட்டனார் ஹிஜ்ரி 1362 ஷஃபான் மாதத்தில், அதாவது 1943 ஆகஸ்டில், காய்ச்சல் கண்டு மருந்து கிடைக்காமல் மறைந்தார். பள்ளிவாசலில் ஜனாஸாத் தொழுகை நடந்தது. அவருடைய சம்பளப் பாக்கி இத்துடன் வருகிறது. உள்ளே ஜப்பானியர் அச்சடித்த வாழைமர நோட்டுகள் சில இருந்தன. போர் முடிந்த அன்றே அவை வெறும் காகிதமாகிவிட்டவை. மதிப்பில்லை என்று அறிந்தும், அவருடைய கணக்கில் இருந்ததை உரியவருக்கு அனுப்புவது கடமை என்று கடைக்காரர் எழுதியிருந்தார்.

வீட்டில் அழுகை ஓய்ந்த பிறகு, இத்தா இருக்க அறையை ஒழுங்கு செய்தார்கள். கணவனை இழந்தவளுக்கு நான்கு மாதம் பத்து நாள். ஊர் ஆலிம் அழைக்கப்பட்டார். அவர் கடிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, திரைக்கு அப்பால் இருந்த பாட்டியாரிடம் மெல்லச் சொன்னார்: இத்தா என்பது செய்தி வந்த நாளிலிருந்து அன்று, இறந்த நாளிலிருந்தே கணக்கு; ஆகவே அது 1943ஆம் ஆண்டின் இறுதியிலேயே முடிந்துவிட்டது; இனி இருக்க வேண்டிய இத்தா இல்லை.

வீட்டார் அதை ஆறுதலாகவே எடுத்துக்கொண்டனர். பாட்டியாருக்கு அது எவ்வாறு இருந்தது என்பதை உம்மா எனக்குச் சொன்ன அன்று நான் நெடுநேரம் பேச்சற்று இருந்தேன். துக்கம் காப்பதற்கென்று மார்க்கம் ஒரு பெண்ணுக்கு அளித்த நாள்களும், அவர் அறியாமலேயே வந்து, அவர் அறியாமலேயே கழிந்துவிட்டிருந்தன. அந்த நாள்களில் அவர் ரேஷன் அரிசிக்கு வரிசையில் ஆள் அனுப்பினார். மகளுக்கு ஓதக் கற்றுக்கொடுத்தார். பெருநாளைக்குப் புதுச் சேலையும் உடுத்தியிருக்கலாம்.

அவர் ஆலிமிடம் ஒன்று கேட்டாராம்: “அந்த நாள்களில் எங்கள் வீட்டுச் சன்னலில் விளக்கு இல்லை. அது கணக்கில் சேருமா?”

ஆலிம் உடனே விடை சொல்லவில்லையாம். பிறகு, “அல்லாஹ்விடம் எல்லாம் கணக்கில் உண்டு, மகளே” என்றாராம்.

அன்று மஃரிபுக்குப் பாட்டியார் பரணிலிருந்து அரிக்கேனை இறக்கி, கண்ணாடியைச் சாம்பலால் துலக்கி, திரி மாற்றி, சன்னலில் ஏற்றி வைத்தார். வர வேண்டியவர் இல்லை என்று உறுதியான பிறகு ஏற்றிய விளக்கு அது. ஏன் என்று அவருடைய மாமியார் கேட்டதற்கு, “தெருவில் யாருடைய மகனாவது வருவான்” என்றாராம். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. செய்துகொள்ளக் கூடாது என்று எவரும் சொல்லவுமில்லை. எங்களோடு பண்ருட்டிக்கு வரும்வரை அந்த விளக்கு ஒரு நாளும் தவறியதில்லை.

ஒரு குண்டு கூட விழவில்லை என்று நான் மிடுக்கோடு சொன்னது இந்தப் பெண்மணியிடம்தான்.

சென்ற ஆண்டு உம்மாவை அழைத்துக்கொண்டு பரங்கிப்பேட்டைக்குச் சென்றேன். முட்லூரில் திரும்பியபோது, கூட்டின் படையும் ஹைதரின் படையும் நின்ற நிலம் இதுதான் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். பழைய வீடு கைமாறி, இடிபட்டு, புதிய வீடாக எழுந்திருந்தது. ஆற்றுமுகத்துப் பக்கம் சென்று கலங்கரை விளக்கத்தின் அருகே நின்றோம். இன்று நிற்கும் கோபுரம் பாட்டியார் அறிந்த துறைமுக விளக்கு அன்று. அதற்குப் பின் வந்தது. அந்தி சாய்ந்ததும் அதன் ஒளி சுழலத் தொடங்கிற்று. மீன்பிடி படகுகள் ஒவ்வொன்றாக முகத்துவாரத்திற்குள் நுழைந்துகொண்டிருந்தன. உம்மா அவற்றை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். தகப்பனாரின் முகம் அவர்களுக்கு நினைவில்லை. எல்லாப் படகும் வந்து சேர்ந்தனவா என்று அங்கே வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டு, அவர் ஆம் என்ற பிறகே திரும்பச் சம்மதித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியிலிருந்து அந்தப் பரிசுக் கட்டுரையை எடுத்தேன். மை மங்கியிருந்தது. சிவப்பும் பச்சையும் ஒன்றுபோல் பழுத்திருந்தன. கட்டுரையின் பின்னிணைப்பாக, ‘பரங்கிப்பேட்டை கண்ட போர்கள்’ என்று ஒரு பட்டியல் தந்திருந்தேன். 1780இல் கொள்ளை, 1781இல் போர் என்று இருக்க வேண்டிய இடத்தில் 1781 மட்டுமே இருந்தது. முதலில் 1780ஐ எழுதிச் சேர்த்தேன். பிறகு கீழே, பாட்டியாரின் பெயரை எழுதி, அதன் எதிரே இவ்வாறு குறித்தேன்: 1942 ஏப்ரல் முதல் 1946 பிப்ரவரி வரை.